தானிய ஆலைகளிலும் பஞ்சுக் கிடங்குகளிலும் தீயும் வெடிப்பும்

பயிர் களத்துக்கு வந்து சேரும்வரையில் மழை, பூச்சி, நோய் என்று பலவகைக் கவலைகள் குடியானவருக்கு உண்டு. தானியமும் பருத்தியும் வண்டியேறி ஆலைக்கோ கிடங்குக்கோ போய்ச் சேர்ந்துவிட்டால், இனிக் கவலையில்லை என்று நம்மிற் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். இவ்வெண்ணம் சரியன்று. ஒரு போகத்தின் விளைவு முழுவதையும் அரை நாழிகையில் சாம்பலாக்கி, வேலை செய்யும் ஆட்களின் உயிரையும் கவரவல்ல அபாயம் அவ்விடங்களில்தான் மறைந்திருக்கிறது. இப்பொழுது கிராமங்களிலேயே மாவு ஆலை, நெல் ஆலை, பருத்தி அரைக்கும் ஆலை, எண்ணெய் ஆலை ஆகியவை ஏற்பட்டிருக்கின்றன. நிலச்சொந்தக்காரர்களிற் பலர் அவற்றுக்குச் சொந்தக்காரராகவும் பங்காளிகளாகவும் இருக்கிறார்கள். ஆகையால் இவ்விஷயத்தை அவர்களும் கிராம அதிகாரிகளும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

மாவு வெடிக்குமா?

இக்கேள்வியைக் கேட்டால் சிலர் நகைப்பார்கள். ஆனால் தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்கு விடை தெரிந்தே இருக்கும். அசுர வேஷக்காரன் அரங்கில் தோன்றும்பொழுது, தீவட்டியின்மேல் குங்கிலியப் பொடியை ஒருவன் வீசுகிறான். கண்ணிமைக்கும் நேரத்தில் பெருஞ்சுவாலை எழுந்து அடங்குகிறது. அதே குங்கிலியத்தைக் கட்டியாக நெருப்பிலிட்டால் மெல்லப் புகைந்து எரியுமேயன்றி இவ்விதம் சீறி எழாது.

காரணம் யாதெனின், எரியும் பொருளைக் காற்று தொடும் இடமே தீயின் வேகத்தை நிர்ணயிக்கிறது. மரக்கட்டை மெதுவாக எரிகிறது. அதையே சிராய்களாகச் சீவினால் விரைவில் எரிகிறது. தூளாக்கிக் காற்றிற் பரப்பினாலோ ஒவ்வொரு துகளையும் காற்று நாற்புறமும் சூழ்ந்திருப்பதால் அனைத்தும் ஏறக்குறைய ஒரே கணத்தில் எரிந்துவிடுகின்றன. அப்பொழுது உண்டாகும் உஷ்ணத்தினால் காற்று பலமடங்கு விரிகிறது. வெட்டவெளியாயின் சுவாலையுடன் போய்விடும். நான்கு சுவர்களுக்குள்ளாயின் அவ்விரிவு சுவரையும் கூரையையும் தள்ளிப் பெயர்க்கிறது. இதுவே தூசு வெடிப்பு எனப்படும். அரிசி மாவு, கோதுமை மாவு, மைதா, சர்க்கரை, தவிட்டின் நுண்தூசு, மசாலைப் பொடிகள், மரத்தூள், பஞ்சுத் தூசு, கந்தகத்தூள் ஆகிய யாவும் இத்தன்மை வாய்ந்தவை. மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் எரியாதவையாகையால் வெடிக்கமாட்டா.

உலகம் கற்ற பாடங்கள்

இது புதிய செய்தியன்று. 1785-ம் வருஷம் டிசம்பர் 14-ந் தேதி இத்தாலி தேசத்து டூரின் நகரில் ஒரு ரொட்டிக்காரரின் மாவுக் கிடங்கில் நிகழ்ந்த வெடிப்பை மொரோட்ஸோ பிரபு என்பவர் விசாரித்து எழுதி வைத்திருக்கிறார். அங்கு ஒரு பையன் விளக்கு வெளிச்சத்தில் மாவை வாரிக்கொண்டிருந்தான். மேலிருந்த மாவு திடீரெனச் சரிந்து பெருந்தூசு எழுந்தது. அது விளக்கிற் பற்றி வெடித்தது. மாவு வழக்கத்துக்கு மாறாக மிகவும் உலர்ந்திருந்ததென்பதையும் அவர் குறித்திருக்கிறார். நமது கோடைக்காலத்தை நினைத்துப் பார்த்தால் அக்குறிப்பின் அருமை விளங்கும்.

1878-ம் வருஷம் மே 2-ந் தேதி மாலை, அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் நகரிலிருந்த வாஷ்பர்ன் 'ஏ' என்னும் ஏழடுக்கு மாவு ஆலை வெடித்துத் தரைமட்டமாயிற்று. அடுத்திருந்த ஆலைகளும் அதனுடன் அழிந்தன. 18 பேர் மாண்டனர். மின்னஸோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த பெக், பெக்கம் என்னும் ஆசிரியர்கள் பலவகை மாவுகளையும் தூசுகளையும் எடுத்துச் சோதனை செய்து, காற்றிற் கலந்த மாவே வெடித்தது என்பதை நிரூபித்தார்கள். தானியமின்றி வெறுமையாகச் சுழன்ற ஆலைக்கற்கள் ஒன்றோடொன்று உரசியதால் எழுந்த பொறியே முதற்காரணமெனக் கருதப்பட்டது. தூசை உறிஞ்சி அகற்றும் சாதனங்களுடன் புதிய ஆலை 1880-ல் கட்டப்பட்டது.

பாடம் கற்றும் மறப்பது மனித இயல்பு. 1977-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி அமெரிக்காவில் வெஸ்ட்வீகோ என்னுமிடத்துத் தானியக் களஞ்சியம் வெடித்து 36 பேர் இறந்தனர். ஐந்து நாட்களுக்குள் கால்வெஸ்டன் துறைமுகத்தில் மற்றொரு களஞ்சியம் வெடித்தது. இவற்றின் பின்னரே, தானியக் களஞ்சியங்களின் முக்கிய இடங்களில் தூசு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்குமேற் படிந்தால் உடனே அகற்றவேண்டும் என்ற விதி 1987-ல் அந்நாட்டில் ஏற்பட்டது.

ஐந்து சேர்ந்தால் வெடிப்பு

சாதாரணத் தீக்கு எரியும் பொருள், காற்று, நெருப்பு ஆகிய மூன்றும் வேண்டும். தூசு வெடிப்புக்கு இவற்றோடு இன்னும் இரண்டு வேண்டும். தூசு காற்றிற் கலைந்து மிதக்கவேண்டும். அடைபட்ட இடமாக இருக்கவேண்டும். இவ்வைந்தில் ஒன்றை நீக்கினால் வெடிப்பு இல்லை. காற்றை நீக்குவது சிறு ஆலைகளில் இயலாது. ஆகவே தூசைச் சேரவிடாமலும், கலையவிடாமலும், பொறியை அண்டவிடாமலும், வெடித்தாலும் அடைபட்டு நில்லாமல் வெளியேற வழிவிட்டும் காத்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையிற் கூறும் முறைகள் யாவும் இந்நான்கினுள் அடங்கும்.

எவ்வளவு தூசு அபாயம்?

ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 50 அல்லது 60 கிராம் மாவு மிதந்தால் அது வெடிக்கத் தகுதியாகிவிடும். அவ்வளவு மாவு மிதக்குமிடத்தில் சிறிது தூரத்திலுள்ள விளக்கும் கண்ணுக்குத் தெரியாது. மனிதர் நின்று மூச்சுவிடவும் முடியாது. ஆகையால் ஆட்கள் நடமாடும் கூடத்தில் இத்தகைய மூட்டம் எப்பொழுதும் இருப்பதில்லை. ஆனால் எலிவேட்டர் பெட்டிக்குள்ளும், தூசு சேரும் அறைக்குள்ளும், தொட்டிக்குள்ளும், மாவு கொட்டும் குழாய்க்குள்ளும் அது எந்நேரமும் இருக்கலாம்.

கூடத்தில் மூட்டம் இல்லையென்று திருப்தியடைவதற்கில்லை. தரையிலும் உத்திரத்திலும் படிந்து கிடக்கும் தூசைக் கணக்கிட்டுப் பார்ப்போம். படிந்த மாவுத் தூசு ஒரு கன மீட்டர் சுமார் 500 கிலோகிராம் எடையுள்ளது என்று கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் கனமாகத் தூசு படிந்தால், ஒரு சதுர மீட்டர்த் தரையில் அரைக் கிலோ இருக்கும். கூடம் 5 மீட்டர் உயரமானால் அச்சதுரத்தின்மேல் 5 கன மீட்டர் காற்று உண்டு. அரைக் கிலோவும் எழும்பிக் கலந்தால் கன மீட்டருக்கு 100 கிராம் ஆகிறது. அதாவது வெடிப்பதற்கு வேண்டிய அளவினும் ஏறக்குறைய இருமடங்கு. விரலால் கோடிழுத்தால் அடையாளம் தெரியும் அளவுள்ள தூசு ஓர் ஆலையைத் தகர்க்கப் போதுமென்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது வெடிப்பே பெரிது

படிந்து கிடக்கும் தூசை யார் எழுப்புவது? முதலில் யந்திரத்துக்குள் ஒரு சிறு வெடிப்பு நிகழ்கிறது. அதன் அதிர்ச்சியும் காற்றும் உத்திரங்களிலும் சுவர் விளிம்புகளிலும் பல நாட்களாகப் படிந்திருந்த தூசை உலுக்கி எழுப்புகின்றன. பின்னாலேயே வரும் சுவாலை அம்மூட்டத்தைப் பற்றவைக்கிறது. இந்த இரண்டாவது வெடிப்பே கட்டடத்தைப் பெயர்த்து ஆட்களைக் கொல்லுகிறது.

2008-ம் வருஷம் பிப்ரவரி 7-ந் தேதி அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்துப் போர்ட் வென்ட்வொர்த் என்னுமிடத்துச் சர்க்கரை ஆலையில் 14 பேர் இறந்த விபத்து இதற்குச் சரியான உதாரணம். அங்குச் சர்க்கரையைக் கொண்டுசெல்லும் பெல்ட்டின்மேல் அழுக்கு விழாதிருக்கும்பொருட்டு அதற்கு முந்திய வருஷத்தில் உலோகத் தகடுகளால் மூடி அமைத்தார்கள். நல்ல நோக்கத்துடன் செய்த வேலைதான். ஆனால் அம்மூடிக்குள் தூசை உறிஞ்சும் ஏற்பாடு செய்யப்படவில்லை. முன்பு பரந்த கூடத்திற் கலந்துபோன தூசு இப்பொழுது மூடிக்குள் அடைபட்டது. சூடேறிய ஒரு பேரிங்கினால் அது பற்றியிருக்கலாமென்று விசாரணையாளர் முடிவு செய்தனர். அம்முதல் வெடிப்பைத் தொடர்ந்து, தரையிலும் மேற்பாகங்களிலும் குவிந்திருந்த சர்க்கரைத் தூசு அடுத்தடுத்து வெடித்து ஆலையெங்கும் பரவிற்று. மூடியிட்டால் மட்டும் போதாது, உள்ளிருக்கும் தூசையும் இழுத்து அகற்றவேண்டும் என்பதும், பெருக்காத உத்திரம் பெரும்பகை என்பதும் இதனாற் பெறப்படும் பாடங்கள்.

பொறி எங்கிருந்து வருகிறது?

1. *பேரிங் சூடாதல்.* எண்ணெயோ கிரீஸோ இல்லாமையாலும், தேய்வினாலும் பேரிங் காய்ந்து சூடாகிறது. அதன்மேற் படிந்த தூசு முதலிற் கருகிப் பின் கனன்று நெருப்பாகிறது. மாவு மூட்டம் பற்றுவதற்குச் சுமார் 400 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் வேண்டும். ஆனால் படிந்த தூசு நெடுநேரம் சூட்டில் இருந்தால் அதற்குக் குறைந்த உஷ்ணத்திலேயே கனலத் தொடங்கும்.

2. *பெல்ட் நழுவுதல்.* எலிவேட்டர் அடைத்துக்கொண்டு வாளிகள் நகராதபொழுது மேலுள்ள உருளை மட்டும் சுழன்று பெல்ட்டை உரசுகிறது. சில நிமிஷங்களில் பெல்ட் புகைந்து பற்றும். தானியக் களஞ்சியங்களில் வெடிப்புக்கள் தொடங்குமிடம் பெரும்பாலும் எலிவேட்டரே. பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கி, வாளி தகட்டில் இடித்தாலும் பொறி எழும்.

3. *இரும்பும் கல்லும்.* களத்திலிருந்து தானியத்துடன் ஆணி, லாடத்துண்டு, போல்ட்டு, சிறுகல் முதலியன வந்துவிடுகின்றன. அவை வேகமாகச் சுழலும் பாகங்களிற் பட்டால் பொறி பறக்கும். இதில் நம்முடைய பொறுப்பும் உண்டு. களத்தைச் சுத்தமாக வைத்துத் தூற்றிச் சலித்து அனுப்புவது விலைக்கு மட்டுமன்றி உயிருக்கும் காப்பாகும்.

4. *வெல்டிங் வேலை.* ஆலை நின்றிருக்கும் நாளிற் பழுதுபார்க்கும்பொழுது நேரும் விபத்துக்கள் அநேகம். உருகிய உலோகப் பொறிகள் பத்து மீட்டர் தூரம்வரையில் தெறித்துச் சென்று, கண்ணுக்குத் தெரியாத சந்தில் விழுந்து, வேலையாட்கள் வீடு சென்றபின் தீயாக மூளும்.

5. *மின்சாரம்.* தூசு படிந்த மோட்டார், மூடியில்லாத சுவிட்சு, இளகிய இணைப்பு, தொட்டிக்குள் இறக்கிய சாதாரண பல்பு ஆகியவை அபாயகரமானவை. உராய்வினால் குழாய்களிலும் பெல்ட்டிலும் சேரும் மின்சாரமும் பொறியை உண்டாக்கும். அவற்றைத் தாமிரக் கம்பியால் நிலத்துடன் இணைத்துவிட்டால் அது தீங்கின்றி இறங்கிப்போகும்.

6. *பீடி, தீக்குச்சி, விளக்கு.* இதைப்பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் புகைபிடிக்கக் கூடாதென்று பலகை எழுதிவிட்டு, அதற்கென்று வெளியே ஓரிடமும் ஏற்படுத்தாவிட்டால், ஆட்கள் மூட்டை மறைவிற் சென்று பிடிப்பார்கள். மறைவில் எறியும் பீடியே மிகவும் கெட்டது.

ஆலைச் சொந்தக்காரர் செய்யவேண்டியவை

பெருக்குவதே முதற்காப்பு. தினந்தோறும் தரையையும், வாரந்தோறும் உத்திரம், விளக்கு மூடி, குழாய்களின் மேற்பாகம், சுவர் விளிம்பு ஆகியவற்றையும் துடைக்கவேண்டும். விளிம்புகளைச் சரிவாகப் பூசிவிட்டால் தூசு தங்காது. யந்திரத்திலிருந்து வரும் காற்றுக்குழாயைப் பிடித்து ஊதித் தூசை விரட்டும் வழக்கம் பலவிடங்களில் இருக்கிறது. அதை அடியோடு விட்டுவிட வேண்டும். அது தூசை அகற்றுவதில்லை. கீழே கிடந்ததைக் காற்றிலேற்றி வெடிப்புக்கு ஆயத்தம் செய்கிறது. மென்மையான துடைப்பத்தால் மெல்லக் கூட்டி அள்ளவேண்டும். உறிஞ்சும் யந்திரம் உபயோகித்தால் அது தூசுக்கென்றே அமைந்ததாக இருக்கவேண்டும்.

தானியம் இறங்கும் வாயில் வலுவான காந்தத்தையும் சல்லடையையும் பொருத்தவேண்டும். ஒவ்வொரு மாறுமுறையின் முடிவிலும் காந்தத்திற் சேர்ந்த இரும்பை எடுத்துவிடவேண்டும். எடுக்காத காந்தம் இல்லாத காந்தத்துக்குச் சமானம்.

பேரிங்குகளுக்கு எண்ணெயிடும் நாளைக் குறித்துவைக்க ஒரு புஸ்தகம் வேண்டும். கூடியவரையில் பேரிங்கை எலிவேட்டர் பெட்டிக்கு வெளியில் அமைப்பது நலம். பெல்ட்டின் வேகம் குறைந்தாலும் பெல்ட் ஒதுங்கினாலும் யந்திரத்தைத் தானே நிறுத்தும் கருவிகள் உண்டு. அவற்றின் கிரயம் ஒரு மூட்டை வண்டியின் நஷ்டத்துக்கு ஈடாகாது. எலிவேட்டர் அடைத்துக்கொண்டால் விசையைத் திரும்பத்திரும்பப் போட்டு இழுக்க முயலாமல், மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சைப் பூட்டி, அடைப்பைக் கையால் எடுத்தபின் ஓட்டவேண்டும்.

தூசு சேரும் அறையையும் பைகளையும் ஆலைக் கூடத்துக்கு வெளியே வைத்தல் உத்தமம். எலிவேட்டர், தூசு அறை ஆகியவற்றில், உள்ளே அழுத்தம் மிகும்பொழுது எளிதிற் பெயர்ந்து திறந்துகொள்ளும் தகடுகளை அமைத்தால் சுவாலை அவ்வழியே வெளியேறும். அவ்வழி ஆட்கள் நடமாடாத வெட்டவெளியை நோக்கியிருப்பது மிகவும் முக்கியம்.

வெல்டிங் வேலைக்கு எழுத்துமூலமான அனுமதியில்லாமல் எவரையும் விடக்கூடாது. யந்திரத்தை நிறுத்தி, சுற்றிலும் பத்துப் பதினொரு மீட்டர் தூரம் தூசும் சாக்கும் அகற்றி, துவாரங்களை நனைந்த துணியால் அடைத்து, தண்ணீருடன் ஓர் ஆளைக் காவல் வைக்கவேண்டும். வேலை முடிந்தபின் ஒருமணி நேரமேனும் அவ்வாள் அங்கேயே இருந்து பார்க்கவேண்டும்.

பருத்தி அரைக்கும் ஆலை

பஞ்சுத் தீயின் தன்மை வேறு. அது மேலே ஒரு நொடியில் ஓடிப்பரவும்; உள்ளேயோ பல நாட்கள் கண்ணுக்குத் தெரியாமற் கனன்றுகொண்டிருக்கும். கொட்டைப்பருத்தியுடன் வந்த கல்லோ இரும்போ யந்திரத்திற் பட்டுப் பொறி உண்டாகி, பஞ்சுடன் சென்று, சிப்பத்துக்குள் அழுத்திக் கட்டப்பட்டுவிடுவதுண்டு. அச்சிப்பம் கிடங்கில் அடுக்கப்பட்டபின் ஒரு நாள் இரவில் தீ வெளிப்படும்.

பஞ்சுத் தீயைத் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டமென்பதைப் பம்பாய் நகரம் அநுபவத்தால் அறிந்தது. 1944-ம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி, துறைமுகத்தில் நின்ற 'போர்ட் ஸ்டிக்கின்' என்னும் கப்பலில் பல்லாயிரம் பஞ்சுச் சிப்பங்களும், அவற்றுடன் சுமார் 1,400 டன் வெடிபொருள்களும் ஏற்றப்பட்டிருந்தன. பிற்பகலில் பஞ்சிலிருந்து புகை கண்டது. தண்ணீரை ஏராளமாக இறைத்தும் தீயின் மூலத்தை அடைய முடியவில்லை. மாலை நான்கு மணிக்குச் சற்றுப் பின் கப்பல் வெடித்தது. அரைமணி நேரத்துக்குப் பின் மீண்டும் வெடித்தது. நூற்றுக்கணக்கானவர் மாண்டனர், துறைமுகமும் சுற்றுப்புறமும் பாழாயின. எரியும் பொருளையும் வெடிக்கும் பொருளையும் ஓரிடத்தில் வைக்கலாகாது என்பதற்கு இதனினும் பெரிய சாட்சி வேண்டுவதில்லை.

ஆகையால் பருத்தி ஆலையில் எங்கேனும் பொறியோ கருகிய நாற்றமோ கண்டால், உடனே பருத்தியிடுவதை நிறுத்தி, பஞ்சு அழுத்தும் யந்திரத்துக்குள் செல்லாதவாறு தடுக்கவேண்டும். அதற்குச் சற்று முன்னும் பின்னும் கட்டிய சிப்பங்களைக் கிடங்குக்குக் கொண்டுபோகாமல், வெளியே தனித்தனியாகச் சில நாட்கள் வைத்துக் கவனிக்கவேண்டும். தொட்டுப் பார்த்துச் சூடாயிருப்பதையும், புகை நாற்றம் வருவதையும் தனியே ஒதுக்கவேண்டும். கிடங்கில் அடுக்குகளுக்கிடையே ஆள் செல்ல வழியும், கூரைக்கும் விளக்குக்கும் எட்டாத இடைவெளியும் விடவேண்டும்.

தானே பற்றும் தீ

எவரும் நெருப்பு வைக்காமலே தீ உண்டாவதைச் சிலர் பகைவரின் செய்கையென்றும் தெய்வ கோபமென்றும் எண்ணி வீண் வழக்குகளுக்கு இடங்கொடுக்கிறார்கள். ஈரம் காயாத வைக்கோலையோ புல்லையோ அழுத்திப் போரடுக்கினால், உள்ளிருக்கும் நுண்ணுயிர்களின் செய்கையால் முதலிற் சூடு பிறக்கிறது. பின்னர் இரசாயன மாறுதல்கள் அதை வளர்க்கின்றன. போரின் நடுவில் 65 டிகிரி சென்டிகிரேடு கண்டால் அபாயம் நெருங்கிவிட்டது என்றும், 80 டிகிரியை எட்டினால் தீயை எதிர்பார்க்கலாம் என்றும் கொள்ளவேண்டும். இரும்புக் கம்பியைப் போருக்குள் செருகிச் சிறிது நேரங்கழித்து எடுத்தால், கையாற் பிடிக்க முடியாத சூடு இருப்பதே எச்சரிக்கையாகும். அந்நிலையில் போரை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. காற்றுப் பட்டவுடன் குப்பென்று பற்றும். அதன்மேல் ஏறி நடக்கவும் கூடாது. உள்ளே எரிந்து பொந்தாகியிருக்கலாம். தண்ணீரும் தீயணைப்போரும் ஆயத்தமான பின்னரே பிரிக்கவேண்டும்.

எண்ணெய் துடைத்த கந்தலும் பஞ்சும் இவ்வாறே சூடாகும். ஆளி விதை எண்ணெய் இதில் மிகவும் கெட்டது. பருத்திவிதை எண்ணெய் நடுத்தரம். கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் அவ்வளவு இல்லை. ஆயினும் எல்லா எண்ணெய்க் கந்தல்களையும் மூடியுள்ள இரும்புப் பாத்திரத்திலிட்டு, தினமும் மாலையில் ஆலைக்கு வெளியே கொண்டுபோய் ஒழித்தல் நல்ல பழக்கம். எக்ஸ்பெல்லரிலிருந்து சூடாக வரும் பிண்ணாக்கை ஆறவிடாமற் குவித்து மூட்டை கட்டுவதும் தவறு.

கண்ணுக்குத் தெரியாத ஆவி

தவிட்டிலிருந்தும் பிண்ணாக்கிலிருந்தும் எஞ்சிய எண்ணெயைப் பிரிக்கும் ஆலைகளில் ஹெக்ஸேன் என்னும் திரவம் உபயோகிக்கப்படுகிறது. காற்றில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டு அதன் ஆவி கலந்தாலே வெடிக்கும். அவ்வாவி காற்றைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு கனமானது. ஆகையால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் இறங்கித் தூரத்திலுள்ள நெருப்பைத் தேடிச் செல்லும். 1981-ம் வருஷம் பிப்ரவரி 13-ந் தேதி அமெரிக்காவில் லூயிவில் நகரத்தில், சோயா மொச்சை ஆலையிலிருந்து சாக்கடையிற் கலந்த ஹெக்ஸேன் ஆவி, தெருவிற் சென்ற ஒரு மோட்டார் காரின் பொறியாற் பற்றியது. மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட தெருக்கள் பிளந்து விழுந்தன. அதிகாலையாதலால் தெருவில் ஜனநடமாட்டம் மிகக் குறைவு, உயிர்ச்சேதம் நேரவில்லை. பெட்ரோலின் ஆவியும் இத்தன்மையதே. பம்புசெட்டு அறையில் பெட்ரோல் டின்னையும் விளக்கையும் சேர்த்து வைப்போர் இதை நினைவிற் கொள்வார்களாக.

உரமும் மருந்தும்

அம்மோனியம் நைட்ரேட் என்னும் உப்பு தானே எரிவதன்று. ஆயினும் பெருந்தீயில் அகப்பட்டாலும், எண்ணெய் முதலிய எரிபொருள்கள் கலந்தாலும் பயங்கரமாக வெடிக்கும். 1921-ம் வருஷம் செப்டம்பர் 21-ந் தேதி ஜெர்மனியில் ஓப்பௌ என்னுமிடத்தில், இறுகிக் கட்டியான உரக்குவியலை உடைக்க வெடிமருந்து வைத்தார்கள். அதற்குமுன் ஆயிரக்கணக்கான முறை அவ்வாறே செய்து தீங்கொன்றும் நேரவில்லையென்பதே அவர்களுடைய தைரியம். அன்று குவியல் வெடித்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர் இறந்தனர். நெடுநாள் தப்பியது பத்திரத்துக்கு அத்தாட்சியாகாது. 2020-ம் வருஷம் ஆகஸ்டு 4-ந் தேதி பெய்ரூத் துறைமுகத்தில் 2,750 டன் நைட்ரேட் கவனிப்பாரற்றுக் கிடந்து வெடித்ததையும் உலகமறியும்.

நமது கிடங்குகளில் நைட்ரேட் வகை உரங்களைக் கந்தகம், டீசல், வைக்கோல், சாக்கு ஆகியவற்றுடன் சேர்த்து வைக்கலாகாது. சாம்பல் நோய்க்குத் தூவும் கந்தகத்தூள் மாவைக்காட்டிலும் மிகக் குறைந்த சூட்டிலேயே பற்றும். அதைக் கையாளுமிடத்தில் நெருப்பும் பொறியும் கூடாது. தானியப் பூச்சிகளைக் கொல்லும் அலுமினியம் பாஸ்பைடு வில்லைகளை ஓரிடத்திற் குவித்து வைத்தாலும், அவற்றின்மேல் மழைநீர் ஒழுகினாலும், விஷவாயு விரைந்து கிளம்பித் தானே தீப்பற்றும். பயிற்சி பெற்றவர் மட்டுமே அவற்றைப் பரவலாக வைக்கவேண்டும். கூரை ஒழுகலை முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தீ கண்டவுடன்

முதலில் ஆட்களை வெளியேற்றி, மின்சாரத்தையும் யந்திரத்தையும் நிறுத்தி, 101 அல்லது 112 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும். என்ன பொருள் எரிகிறது, அருகில் என்ன இருக்கிறது என்பதையும் கூறவேண்டும். தூசுள்ள இடத்தில் தண்ணீரைப் பலமாகப் பீய்ச்சினால் அது தூசை எழுப்பி வெடிக்கச் செய்யும், பூந்தூறலாகவே தெளிக்கவேண்டும். எரியும் எண்ணெயில் தண்ணீர் விடக்கூடாது. மணலோ நுரையோ உபயோகிக்கவேண்டும். மின்சாரத்தைத் துண்டிக்குமுன் தண்ணீரைத் தொடவே கூடாது. புகையும் தானியத் தொட்டியை மேலே திறந்து பார்ப்பதும், அதற்குள் ஆளை இறக்குவதும் மரணத்துக்கு வழி.

ஆடையிற் பற்றியவர் ஓடலாகாது. தரையிற் படுத்துப் புரளவேண்டும். தீப்புண்ணின்மேல் மை, மாவு, எண்ணெய் முதலியவற்றைப் பூசாமல், குளிர்ந்த ஓடுநீரில் இருபது நிமிஷம் காட்டி, சுத்தமான துணியால் மூடி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

தீ நேர்ந்தபின் மகஜர் எழுதுவதைக்காட்டிலும், நேராமற் காப்பது மேலான சேவை. தங்கள் எல்லைக்குள் எத்தனை ஆலைகளும் கிடங்குகளும் இருக்கின்றன, எதில் என்ன பொருள் வைக்கப்பட்டிருக்கிறது, அருகில் எந்தக் குளத்திலோ கிணற்றிலோ கோடையிலும் தண்ணீர் கிடைக்கும், தீயணைக்கும் வண்டி எந்த வழியாக வரமுடியும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். வழியில் வைக்கோற்போரோ வண்டிகளோ அடைத்திருந்தால் அகற்றச் சொல்லவேண்டும். அறுவடைக்கு முன்னரே வருஷத்துக்கு ஒருமுறை ஆலைக்காரரையும் ஆட்களையும் கூட்டி, வெளியேறும் வழிகளைக் காட்டிப் பழக்கவேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்கிறதா, வேலை நேரத்திற் பூட்டப்படுகிறதா என்பதைப் பார்ப்பதற்குச் சட்டப்புஸ்தகம் வேண்டுவதில்லை. கண் இருந்தாற் போதும்.

சுருக்கம்

தூசு சேர்ந்தால் கூட்டுக, ஊதாதீர். உத்திரத்தை மறவாதீர். பேரிங்கைத் தொட்டுப் பார்த்து எண்ணெயிடுக. காந்தத்தைத் துடைக்க. அனுமதியின்றி வெல்டிங் செய்யவிடாதீர். ஈர வைக்கோலை அடுக்காதீர். எண்ணெய்க் கந்தலை இரவு தங்கவிடாதீர். உரத்தையும் எரிபொருளையும் பிரித்து வைக்க. வெளியேறும் கதவைத் திறந்து வைக்க.

இவற்றிற் பெரும்பாலானவைக்குப் பணச்செலவு மிகவும் சொற்பம். துடைப்பமும், எண்ணெய்க் குப்பியும், நாள்தோறும் கவனமுமே வேண்டும். ஆலையில் மூட்டை தூக்கும் ஆளும், தவிடு அள்ளும் பெண்ணும் நம்முடைய ஊரார். காலையில் வேலைக்குச் சென்றவர் மாலையில் வீடு திரும்பவேண்டும் என்பது அவர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய முதற்கடன். அடுத்த முறை ஆலைக்குச் செல்லும்பொழுது விளைபொருளின் எடையை மட்டும் பார்த்துத் திரும்பாமல், தலையை நிமிர்த்தி உத்திரத்தையும் ஒருமுறை பார்த்துவருமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.